கறுத்தப் பாண் திருவிழாவில் நான் சொன்ன ‘வேண்டாம்’

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில். கட்டில் விரிப்பும் தலையணை உறையும் டாக்டர்மாரின் வெள்ளைக் கோட்டும் வண்டி வண்டியாக வந்து விழும். பிரித்து, இயந்திரத்துக்குள் தள்ளி, வெளியே வந்ததை நீராவியில் அழுத்தி, மடித்து அடுக்க வேண்டும். ஊரில் நான் கணக்கு வாத்தியார். மனைவியும் வாத்தியார்தான். அவளுக்கு எழுதிய கடிதங்களில் ‘ஆஸ்பத்திரியில் வேலை’ என்று மட்டும் எழுதினேன். பொய்யில்லைத்தானே. அதை அவள் எப்படி விளங்கிக்கொண்டாள், அயலுக்கு என்ன சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓர் எஸ்தோனியர். அறுபதை நெருங்கிய, ஒல்லியான, நெட்டை மனுசன். வேலைத்தலத்தில் பாதிப் பேர் அவரைப் போலந்துக்காரர் என்று நினைத்தார்கள், மீதிப் பேர் ரஷ்யன் என்றார்கள். ரஷ்யன் என்றால் அவருக்குக் கழுத்து சிவந்துவிடும். என்னை எல்லாரும் இந்தியன் என்னும்போது எனக்கு ஏறுகிற அதே சூடு. உலகப் படத்தில் எஸ்தோனியா எங்கே கிடக்கிறது என்று எனக்கும் தெரியாதுதான், ஆனால் நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பதினாறு வயதில், பெரிய யுத்தத்தின் கடைசியில், தாயோடு வள்ளத்தில் ஏறித் தப்பி வந்தவராம். அதன் பிறகு ஊரைக் கண்ணால் காணவில்லை. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை, ஃபாரஸ்ட் கேட்டில் சொந்த வீட்டில் தனியே இருந்தார். மழையோ பனியோ, காற்சட்டை நுனியைச் சொக்ஸுக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில்தான் வேலைக்கு வருவார்.

நான் சேர்ந்த முதல் கிழமை, இடைவேளையில் கேத்தலைத் தூக்கிக் காட்டி, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தார். அடுத்த நாளும் கேட்கவில்லை, அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. மூன்று மாதம் நான் பைப் தண்ணீர் குடித்துக்கொண்டு அவருடைய தேத்தண்ணியின் மணத்தை மட்டும் முகர்ந்தேன். கடைசியில் ஒருநாள் வெட்கத்தை விட்டு வாய் திறந்து கேட்டபோது, மனுசன் ஒன்றும் நடக்காதது போலக் கோப்பையை நீட்டினார். நான் தேத்தண்ணி குடிக்காத ஆள் என்று நினைத்தாராம்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதல் தரம் கேட்டவுடனே ஓம் என்கிறவனை எங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள்? காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி என்பார்கள். கேட்கிறவர் கேட்க வேண்டும், நாங்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சும்மா சொல்லாதேங்கோ என்று அவர் திரும்பக் கேட்க வேண்டும், ஐயோ இப்பதான் சாப்பிட்டு வாறம் என்று நாங்கள் பொய் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் அவர் கேட்காமலே தட்டில் போட்டுவிட வேண்டும். கலியாணப் பந்தியில் போதும் போதும் என்று இலைக்கு மேலே கையை விரிக்கிறோமே, அது விரலிடுக்கால் சோறு விழும் என்ற நம்பிக்கையில்தானே. அந்த நம்பிக்கையோடுதான் நான் ஹீத்ரோவில் வந்து இறங்கினேன்.

மகளுக்கு ஒரு வயது நடக்கும்போது நான் வெளிக்கிட்டவன். இங்கே எனக்கு முழு அகதி அந்தஸ்துத் தரவில்லை. தற்காலிகமாக இருக்கலாம் என்று ஒரு கடிதம் தந்தார்கள். அந்தக் கடிதம் கிடைத்து நாலு வருசம் கழிந்தால்தான் மனைவி பிள்ளையைக் கூப்பிடலாம். அதற்கும், அவர்கள் வந்தால் இருக்க இடம் இருக்கிறது என்று ஒரு வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நாலு வருசமும் ஒருவாறு போனது. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துக் காத்திருந்தார்கள். லொட்ஜ் சீவியம் ஒரு சீவியமா? பொலிஸில் பதிய வேண்டும். நினைத்த நேரம் வந்து கதவைத் தட்டுவார்கள். சந்தேகம் என்றால் ஏற்றிக்கொண்டு போவார்கள். மகள் பள்ளிக்கூடம் போகாமல் அந்த அறைக்குள் இருந்து கொப்பியில் படம் கீறிக்கொண்டிருந்தாள்.

இங்கே நானோ, ஈஸ்ட் ஹாமில் மூன்று அறை வீட்டில் ஏழு ஆம்பிளைகளில் ஒருவன். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்கிற ஒருவனும் நானும் ஒரே மெத்தையை மாறி மாறிப் பாவித்தோம். அவன் எழும்ப நான் படுப்பேன். வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான். கடிதம் கேட்டுப் போனபோது, ஏழு பேர் இருக்கிறது கவுன்சிலுக்குத் தெரிந்தால் தன் கதை முடிந்தது என்று கையெடுத்துக் கும்பிட்டார். வேறு இடங்களிலும் ஏறி இறங்கினேன். எனக்கு வீடுகூடத் தேவையில்லை. இரண்டு அறையும் ஒரு கையெழுத்தும் போதும். எங்கள் மூன்று பேருடைய சீவியமும் அதில்தான் தொங்கிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் சோவியத் யூனியன் பொலபொலவென்று உதிர்ந்தது. எஸ்தோனியாவுக்குச் சுதந்திரம் என்று செய்தி வந்த அடுத்த நாள், மனுசன் ரை மாவில் சுட்ட ஒரு கறுத்தப் பாணைக் கொண்டுவந்து சலவை மேசையில் வைத்து வெட்டி ஆளுக்கொரு துண்டு தந்தார். என்ன விசேசம் என்று சொல்லவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. பாண் புளித்து, கனத்து, தாடை நோக வைத்தது. எங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், நானும் எதையாவது வெட்டி இவர்களுக்குக் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டு சப்பினேன். நினைப்புக்கு என்ன, அது எதையும் நினைக்கும்.

அடுத்த கோடையில் ஒரு கதை அடிபட்டது. மனுசன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போகப்போகிறார், ஃபாரஸ்ட் கேட் வீட்டை விற்கவில்லை, கீழ்த்தளத்தைப் பூட்டிவிட்டு மேல்மாடியை நம்பிக்கையான ஆருக்காவது விடப்போகிறார் என்று. இதை மெத்தைக்காரனிடம் சொன்னேன். நித்திரை கலைந்து எழும்பி உட்கார்ந்துவிட்டான். நாளைக்கே போய்க் கேள், விடிந்தவுடனே கேள் என்று நின்றான். ஆறு வருசம் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஆள், உனக்கு இல்லாமல் வேறு ஆருக்குக் கொடுப்பார் என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் எங்களுக்குக் கேட்பதும் லேசில் வராது. திங்கள் கேட்கலாம் என்று செவ்வாய் ஆக்கினேன், செவ்வாய் கேட்கலாம் என்று புதன் ஆக்கினேன்.

வெள்ளிக்கிழமை அவரே வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை எசெக்ஸில் ஒரு கிராமத்தில் அவருடைய ஆட்களின் சாப்பாட்டுத் திருவிழா நடக்கிறதாம். யுத்தம் முடிந்து வந்த எஸ்தோனியர் ஒருவர் அங்கே சின்னத் தோட்டம் ஒன்று வாங்கியிருந்தாராம். வருசாவருசம் ஆனி மாதம் எல்லாரும் அந்தப் புல்வெளியில் கூடித் தங்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை வைப்பார்களாம். பஸ் இல்லை, சைக்கிளில் வருவாயா என்றார். அவர் வாய் மூட முதல் வருவேன் என்றேன். அந்த அளவுக்கு நான் படித்திருந்தேன். சலவைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் வழியைக் கீறித் தந்துவிட்டு, உதவிக்கென்று தான் சனிக்கிழமையே போய்விட்டார்.

இருபத்தைந்து மைல். என்னிடம் கியர் ஒழுங்காக விழாத ஒரு பழைய சைக்கிள் இருந்தது. வீடு கேட்கப் போகிறவன் கோலத்தோடு போக வேண்டும் என்று, வேலைத்தலத்து நீராவியில் அழுத்திய வெள்ளைச் சேட்டைப் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டேன். சைக்கிள் ஓடுகிறவனுக்குக் கழுத்துப்பட்டி! வன்ஸ்டட் வெளியைத் தாண்ட முதலே அது காற்றில் எழும்பி முகத்தில் அடித்தது. சேட்டுக்குள் செருகினேன். வூட்ஃபோர்ட் ஏற்றத்தில் வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது. ஒரு வான் வண்டியில் போன பொடியள் கண்ணாடியை இறக்கி, ஊருக்குப் போடா என்று கத்திவிட்டுப் போனார்கள். போகத்தான் விடுகிறார்கள் இல்லையே என்று தமிழில் திருப்பிக் கத்தினேன்.

எப்பிங் காடு முடியும் வரை ஒரே வசனத்தை இங்கிலீசில் பாடமாக்கினேன். ஐயா, என் மனைவியும் மகளும் கொழும்பில் காத்திருக்கிறார்கள், உங்கள் மேல்மாடியை எனக்குத் தந்தால் வீட்டைப் பூப்போல வைத்திருப்பேன். ‘பூப்போல’ இங்கிலீசில் சரிவரவில்லை, விட்டுவிட்டேன். பெடலை ஒரு தரம் மிதிக்க ஒரு சொல். ஏற்றங்களில் மூச்சு வாங்க, ‘ஐயா’ மட்டும்தான் வெளியே வந்தது. காடு முடிந்து ஒழுங்கைகள் தொடங்கின. இரண்டு பக்கமும் பார்லி வயல். வழி தவறி ஒரு பன்றிப் பண்ணைக்குள் போய், ஒரு கிழவி வழிகாட்டி, திரும்பி வந்து சேர மத்தியானமாகிவிட்டது.

புல்வெளியில் ஓர் இருபது மேசை. ஒவ்வொரு மேசையிலும் எஸ்தோனியாவில் ஒரு ஊரின் பெயரைக் கடதாசியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கோடு போட்ட நீளப் பாவாடை கட்டிய பெண்கள் பின்னால் நின்றார்கள். சின்ன மீனை உப்பில் ஊறவைத்து, கறுத்தப் பாணில் முட்டையோடு வைத்திருந்தார்கள். பீற்றூட் போட்டுப் பிசைந்து றோஸ் நிறமான உருளைக்கிழங்கு, புளிக்கவைத்த கோவா இலை, பன்றிக்காலை அவித்துக் கூழாக்கி ஆறவைத்த ஏதோ ஒன்று. அது மேசையைத் தொட்டாலே நடுங்கியது. வறுத்த தானிய மாவைப் புளித்த பாலில் கரைத்து ஒரு வாளி நிறைய வைத்திருந்தார்கள். எனக்குக் காதடைக்கிற பசி. முதல் மேசைப் பெண் சிரித்துக்கொண்டு, சாப்பிடுகிறாயா என்றாள். வேண்டாம், நன்றி என்றேன்! வாய் பழகின பழக்கம். அவள் சரி என்று அடுத்தவரைப் பார்த்தாள். இரண்டாவது மேசையிலும் அதே கூத்து. மூன்றாவது மேசையில் என்னையே திட்டிக்கொண்டு, கேட்க முதலே தட்டை நீட்டிவிட்டேன். மீன் பாண் ஐந்து துண்டு தின்றேன், மாக்கரைசல் இரண்டு கோப்பை குடித்தேன். அன்றைக்கு அவ்வளவுக்காவது எனக்குப் புத்தி வந்தது என்று சந்தோசப்பட்டேன்.

பின்னேரம் மனுசன் புல்வெளி நடுவில் நின்று அவர்களுடைய பாசையில் நாலு வசனம் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள். ஊருக்குத் திரும்பப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகு தட்டில் பாணோடு நேரே என்னிடம் வந்து, புல்வெளி ஓரத்து வரம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வசனத்தின் முதல் சொல்லுக்கு நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திவிட்டார்.

“ஆவணி முடிவில் போகிறேன். மேல்மாடியில் இரண்டு அறை இருக்கிறது, சமையலறை இருக்கிறது. உன் மனைவியும் மகளும் வரலாம். கடிதம் எழுதித் தருவேன். உனக்கு வேண்டுமா?”

என் காதால் கேட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். அந்த மனுசனுக்கு என் மனைவியும் மகளும் லொட்ஜில் இருப்பது எப்படித் தெரிந்தது, சலவைப் பகுதியில் ஆரோ சொல்லியிருக்கிறார்கள், அவர் அதை மனதில் வைத்திருக்கிறார் என்றெல்லாம் ஒரு கணத்தில் ஓடியது.  எவ்வளவு பெரிய உதவி! இவ்வளவு பெரியதை நீட்டும்போது பறித்துக்கொள்வதா? தேத்தண்ணிக்கும் மீன் பாணுக்கும் பழக்கிய வாய், வீட்டுக்குப் பழகியிருக்கவில்லை.

“ஐயோ, வேண்டாம்,” என்றேன். “உங்களுக்கு ஏன் கரைச்சல்.”

“சரி,” என்றார். பாணைக் கடித்து முடித்தார். வானத்தைப் பார்த்து, மழை வராது என்றார். எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான்.

நான் பதறவில்லை. அதுதான் விசர், பைத்தியக்காரத்தனம். திரும்ப வருவார், திரும்பக் கேட்பார் என்று வரம்பிலேயே இருந்தேன். இரண்டாம் தரம் கேட்டவுடன் சொல்வதற்கு ஒரு நல்ல நன்றி வசனத்தைக்கூட மனதுக்குள் கட்டினேன். அவர் மேசை மேசையாகப் போனார். நானும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலே போனேன். கதிரை மடித்துக் கொடுத்தேன். வாளி கழுவினேன். அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றேன். ஒரு தரம் என்னைக் கடந்து போகும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார். ஊரிலிருந்து அந்த மாதம்தான் வந்திருந்த ஒரு இளம் குடும்பத்தோடு கொஞ்ச நேரம் கதைத்தார். பெண் கையில் குழந்தை. அந்த இளைஞன் ஏதோ கேட்டதற்கு உடனே தலையாட்டினான், இருவரும் கை கொடுத்தார்கள். அது என்ன கதை என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் ஓடிப்போய்க் காலில் விழுந்திருப்பேனோ என்னவோ.

வெயில் சாயத் தொடங்கியபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், என் மேலல்ல, அவர் மேல். ஒருக்கால் கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறதா? கொடுக்கிற மனமுள்ளவன் இப்படியா கேட்பான்? மனமில்லாமல் ஒப்புக்குக் கேட்டிருக்கிறான், நல்லகாலம் நான் வேண்டாம் என்றது என்று முடிவெடுத்தேன். நானே போய் வாய் திறந்திருக்கலாம், தேத்தண்ணிக்குத் திறந்த வாய்தானே. திறக்கவில்லை. அவனாகக் கேட்கட்டும் என்று நின்றேன். வெளிக்கிடும்போது, இடது பக்கமாக ஓடு, கவனம் என்றார். முகத்தை நீட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டு ஏறி மிதித்தேன். இருபத்தைந்து மைலும் அந்தக் கோபத்தில்தான் சைக்கிள் ஓடியது.

வீட்டில் மெத்தைக்காரன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். வீடு சரியோ என்றான். அந்தாள் கேட்டவர், நான் வேண்டாம் எண்டனான், திரும்பக் கேப்பார் என்றேன். அவன் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

“வெள்ளைக்காரன் ரெண்டாம் தரம் கேப்பான் எண்டு இருக்கிறியோ? உனக்கென்ன விசரே? நாளைக்கு விடியப் போய் அந்தாளின்ரை கையைப் பிடிச்சுக் கேள்.”

திங்கட்கிழமை மனுசன் வேலைக்கு வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க லீவு போட்டுவிட்டுக் கிராமத்திலேயே தங்கிவிட்டார். நான் ஃபாரஸ்ட் கேட் வீட்டுக் கதவை மூன்று நாள் போய்த் தட்டினேன். அடுத்த திங்கள் அவர் சைக்கிளை நிறுத்த முதலே முன்னால் போய் நின்று, அந்த அறைகள் எனக்கு வேண்டும் என்றேன். ஐயாவும் இல்லை, வசனமும் இல்லை. அவர் காற்சட்டை நுனியைச் சொக்ஸிலிருந்து மெல்ல வெளியே எடுத்தார். கொடுத்துவிட்டேன், அன்றைக்கே அந்தக் குழந்தைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். நீ வேண்டாம் என்றாயே என்றார்.

இயந்திரச் சத்தத்துக்குள் நின்று, உடைந்த இங்கிலீசில், எங்கள் ஊரில் முதல் ‘வேண்டாம்’ வேண்டாம் இல்லை என்று அவருக்கு விளக்கினேன். மூன்று தரம் கேட்கிற கதை, பந்தியில் கை விரிக்கிற கதை எல்லாம் சொன்னேன். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. அவர் கடைசி வரை கேட்டார். நான் மறுபடி கேட்டிருந்தால் உன் பேச்சை மதிக்காதது போல ஆகியிருக்கும், எங்கள் ஊரில் அது அவமானம் என்றார். பிறகு, பகிடியில்லாமல், உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்:

“அப்படியென்றால், உங்கள் ஆட்கள் நிசமாகவே வேண்டாம் என்றால், அதை எப்படிச் சொல்வார்கள்?”

நான் ஒரு கட்டில் விரிப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். கொடுத்த சொல்லைத் திருப்பி வாங்க முடியாது, மன்னித்துக்கொள் என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆவணி முடிவில் போய்விட்டார்.

மனைவிக்கு, வீடு சரிவரவில்லை என்று மட்டும் எழுதினேன். மார்கழி வரை வேறு இடம் தேடினேன், கிடைக்கவில்லை. லொட்ஜில் ஒருநாள் விடியற்காலை பொலிஸ் வந்து அவளையும் மற்றப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போய், ஒரு பகல் முழுக்க வைத்திருந்துவிட்டு விட்டார்களாம். அதன் பிறகு அவள் நிற்கவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு, கடல்நீரேரியைப் படகில் கடந்து யாழ்ப்பாணத்துக்கே திரும்பினாள். மூன்று வருசத்தில் அங்கிருந்தும் ஊரோடு இடம்பெயர்ந்து நடந்தார்கள். ஐந்து மாதம் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய், கும்பிடத் தெரியாதவன் போல நின்றுவிட்டு வருவேன். பிறகு வவுனியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அகதி முகாமில் இருந்து, பிறகு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தாள்.

இந்த வருசங்களில் ஒரு கேடுகெட்ட வேலை செய்தேன். அந்த வீட்டுக் கதையைப் பகிடியாக்கிவிட்டேன். பிறந்தநாள் வீடுகளில், சாமத்திய வீடுகளில், ஆராவது வேண்டாம் வேண்டாம் என்று தட்டை மறைத்தால் உடனே தொடங்கிவிடுவேன்: கழுத்துப்பட்டியோடு சைக்கிள் ஓடினது, நடுங்குகிற பன்றிக் கூழ், மழை வராது என்று அவர் சொன்ன விதம். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எல்லாரிடமும் அப்படி ஒரு தேத்தண்ணிக் கதை இருந்தது. சொல்லச் சொல்ல அது எனக்கு நடந்தது போலவே இல்லாமல் போனது.

தொண்ணூற்றெட்டில் மோர்டனில் இரண்டு அறை வீடு ஒன்று என் பெயரில் கிடைத்தது. கடிதம், கையெழுத்து, எல்லாம் சரி. உடனே மனைவிக்கு எழுதினேன். ஐந்து பக்கம். மகளுக்கு எந்த அறை, எந்த ஜன்னலால் மரம் தெரியும் என்றெல்லாம் எழுதிவிட்டு, இனி எல்லாம் சரிதானே என்ற துணிவில், அந்த எஸ்தோனியர் கதையையும் எழுதினேன். பிறந்தநாள் வீடுகளில் சொல்கிற மாதிரியே, சிரிப்பாக. அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

ஆறு கிழமையில் மறுமொழி வந்தது. ஒரு தாள். நான் இன்றைக்கும் பாராமல் சொல்வேன்.

“உங்கடை பகிடியை வாசிச்சன். அந்த ஆனி மாதம் நாங்கள் லொட்ஜிலை இருந்தம். பிள்ளைக்கு எட்டு வயசு. தட்டுற சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழை போய்விடுவாள். வேண்டாம் எண்டது மரியாதைக்கு எண்டு எழுதியிருக்கிறியள். எங்களுக்காக நீங்கள் ஒருநாள் மரியாதை கெட்டிருக்கலாம். இனி எங்களைக் கூப்பிட வேண்டாம். பிள்ளை இங்கை படிக்கிறாள், எனக்கு இங்கை வேலை இருக்கு. சுகமாயிருங்கோ.”

நான் என்ன மனிதன் பாருங்கள். அதையும் முதல் வேண்டாம் என்றுதான் எடுத்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறாள், கேட்டால் இளகுவாள் என்று, அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து டெலிபோன் கடைக்குச் சொல்லி அனுப்பி, ஒரு ஞாயிறு காலை, காசு கட்டி வாங்கிய டெலிபோன் காட் ஒன்றைப் போட்டு அழைத்தேன். பல வருசத்துக்குப் பிறகு அவளுடைய குரல். களைத்த வாத்தியாரின் குரல்.

“நீர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும்,” என்றேன்.

“வேண்டாம் எண்டு எழுதினனான்தானே.”

“எல்லாம் ஒழுங்காயிருக்கு. என்னை மன்னிச்சுக்கொண்டு வாருமன்.”

“வேண்டாம்.”

மூன்றாம் தரமும் கேட்டேன். கடையில் நிற்கிற சனம் கேட்கும் என்று அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்கள் எத்தினை தரம் கேட்டாலும் எனக்கு ஒரு சொல்லுத்தான்,” என்றாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

ஒரு பெரிய பெண்ணின் குரல் ஹலோ என்றது. ஆர் கதைக்கிறது என்று கேட்டுவிட்டேன். நான்தான் அப்பா என்றாள். ஒரு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்குப் பதினாலு வயது. படிப்பைக் கேட்டேன், சொன்னாள். கணக்கு நல்லாய் வருமாம். பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

“நீயாவது அப்பாவிட்டை வாறியோ பிள்ளை?”

 தெருவில் ஒரு லொறி போவது கேட்டது.

“வேண்டாம் அப்பா,” என்றாள், நல்ல மரியாதையாக.

அந்த டெலிபோன் காட்டில் இன்னும் கதைக்க நேரம் இருந்தது. அவளிடம் நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை.